25 குஞ்சு, 6 சேவல், ஒரு நாற்பது பக்க நோட்டு

ஜனவரி கடைசியில் 25 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தேன். ஆடி பிறந்து நாலாம் நாள் முதல் சேவலை என் கையால் அறுத்தேன். நடுவில் ஐந்தரை மாதம். தீவனம், மருந்து, செத்தது, ஏன் செத்தது என்று எல்லாவற்றையும் மகளின் பழைய நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆரம்பித்த காரணம் பல்லடம் பக்கம் மாமா வைத்திருக்கும் கறிக்கோழிக் கொட்டகை. 5000 கோழி. போன வருஷம் சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் அங்கே போயிருந்தேன். நாற்பது நாள் கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. பாதிக்கு மேல் காலைப் பரப்பி உட்கார்ந்துவிட்டன. ஒன்றை எழுப்பி நிறுத்தினேன். நாலு அடி நடந்து மறுபடி உட்கார்ந்தது. மாமா ஒரு பக்கெட்டில் அன்று செத்தவற்றைப் பொறுக்கிக்கொண்டே பேசினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் கறிக்கடை வரிசையில் ஒரு கிலோவுக்கு நின்றபோது அந்த பக்கெட் நினைவுக்கு வந்தது. கறியை விட மனசில்லை. பக்கெட்டையும் மறக்க முடியவில்லை. சரி, நாமே வளர்த்து நாமே அறுத்துத் தின்றால் நியாயமாக இருக்கும் என்று தோன்றியது.

கொட்டகை

எட்டடிக்கு ஆறடி. நீளவாக்கு கிழக்கு மேற்காக, வெயில் நேராக உள்ளே அடிக்காதபடி. பழைய இரும்பு ஆங்கிளில் சட்டம், மேலே சிமெண்ட் ஷீட், அதன் மேல் சூடு தணியத் தென்னங்கீற்று. நான்கு பக்கமும் தரையிலிருந்தே கோழி வலை. உள்ளே ராத்திரி ஏறி உட்காரச் சவுக்குக் கம்பு இரண்டு. தரைக்கு மூன்று அங்குலம் தேங்காய் நார்க்கழிவு. எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய்.

கொத்தனார் அஸ்திவாரத்துக்குக் கடைக்கால் எடுக்கலாமா என்று கேட்டார். "கோழிக்கு எதுக்குங்க கடைக்கால்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நோட்டில் "கடைக்கால் வேண்டாம், மூவாயிரம் மிச்சம்" என்று எழுதியிருக்கிறேன். பிற்பாடு அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டேன். ஏன் என்று வரும்.

நாலாம் ராத்திரி

தாய்க்கோழி இல்லாமல் வாங்கி வரும் குஞ்சுக்கு முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். அப்புறம் வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டு போகலாம். தெர்மாமீட்டர் இல்லையென்றாலும் குஞ்சே சொல்லிவிடும். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். சுவரோரம் போய் இறக்கையை விரித்தால் சூடு அதிகம். பரவலாக மேய்ந்தால் சரி.

குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு. 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்ப் போதும் என்று முடிவு செய்தேன். அந்த பல்பைத் தேடுவதே பெரும்பாடு. மூன்று கடையில் எல்இடியை நீட்டினார்கள். "இது கரண்ட் மிச்சம்ணா, சூடே ஆகாது" என்றான் ஒரு பையன். எனக்குச் சூடுதான் வேண்டும் என்றதும் ஒரு மாதிரிப் பார்த்தான். கடைசியில் ஒரு பழைய ஹார்டுவேர் கடையில் பரணிலிருந்து தூசி தட்டி ஒன்றே ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு பல்ப் வைத்தது முதல் தப்பு. இரண்டாவது தப்பு, குஞ்சுகளை மரப்பெட்டியில் விட்டது. பெட்டிக்கு நாலு மூலை உண்டு. நாலாம் நாள் ராத்திரி எப்போதோ பல்ப் ஃபியூஸ் போயிருக்கிறது. தை மாதக் குளிர். நான் ஐந்தரை மணிக்கு எழுந்து போனபோது எல்லாம் ஒரு மூலையில் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. கையால் விலக்கினேன். அடியில் மூன்று, தட்டையாக. குளிரில் சாகவில்லை, மேலே ஏறியவற்றின் பாரத்தில் மூச்சு முட்டிச் செத்திருக்கின்றன. ஒரு உளுந்து வடை எடைகூட இருக்காது ஒவ்வொன்றும்.

அன்றைக்கே ஃபிரிட்ஜ் வந்த அட்டையை வெட்டி ஒன்றரை அடி உயரத்துக்கு வட்டமாக வளைத்துக் கட்டினேன். வட்டத்தில் குவிய மூலை இல்லை. வேறொரு ஊரில் இரண்டு 40 வாட் பல்ப் கிடைத்தன. ஒன்றை இன்வெர்ட்டர் லைனில் மாட்டினேன். மொத்தச் செலவு 90 ரூபாய். நாலு நாள் முன்னால் செலவழித்திருக்க வேண்டிய 90 ரூபாய்.

கீரி

ஆறு வாரம் ஆனதும் பகலில் தென்னந்தோப்பில் திறந்துவிட ஆரம்பித்தேன். நன்றாக மேய்ந்தன. பழைய முறைப்படி கரையானும் கட்டினேன். மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுப் பக்கம் கவிழ்த்து வைத்தால் காலையில் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் அடித்துக்கொண்டு தின்னும். அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவு குஷி. வளர்த்ததில் எனக்குப் பிடித்தது அந்த அரை மணி நேரம்தான் என்றுகூடச் சொல்வேன்.

மார்ச் நடுவில் ஒருநாள் விடிகாலையில் கீரி புகுந்துவிட்டது. வலையைக் கிழிக்கவில்லை. வலைக்கு அடியில் மண்ணைப் பறித்து ஒரு முஷ்டி அகலத்துக்கு வழி செய்திருந்தது. நாலு செத்துக் கிடந்தன. தின்றது ஒன்றின் கழுத்துப் பக்கம் மட்டும். மற்ற மூன்றும் கடிபட்டதோடு சரி. கீரியைத் திட்ட வாயெடுத்தேன். அம்மா, "அதுக்குத் தெரிஞ்சது அது பண்ணுது, உனக்குத் தெரிஞ்சத நீ பண்ணலியே கண்ணு" என்றார்.

பழுது பார்த்தது இப்படி. சுற்றி ஒன்றரை அடி ஆழம் வாய்க்கால் வெட்டி, அரை அங்குல வெல்டு மெஷ்ஷை வெளிப்பக்கமாக 'ட' மாதிரி மடித்துப் புதைத்தேன். தோண்டுகிற பிராணி சுவரோரம்தான் தோண்டும். அங்கே கம்பி இடித்தால் ஓரடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. கூலியோடு 1,900 ரூபாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை மண் பறித்த தடம் பார்த்தேன். உள்ளே வரவில்லை.

தண்ணீர்

மேலே சொன்ன இரண்டும் கண்ணுக்குத் தெரிந்த தப்பு. மூன்றாவது தெரியாமல் நடந்தது.

கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் என்றால் அடிவயிறு கலங்கும். மருந்துக்காரர்கள் ராணிக்கெட் என்பார்கள். உத்தராகண்ட் மலையூர் ஒன்றின் பெயர் அது, அங்கே கண்டதால் ஒட்டிக்கொண்டது. வந்தபிறகு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பதுதான். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு லசோட்டா என்ற தடுப்பு மருந்து, பதினாலாம் நாள் கம்போரோ என்ற வேறொரு நோய்க்கான மருந்து, இருபத்தெட்டாம் நாள் லசோட்டா மறுபடி தண்ணீரில், எட்டாம் வாரம் அதே கழிச்சலுக்கு ஆர்.டி.வி.கே. ஊசி.

முதல் இரண்டையும் எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிட்டேன். மூன்றாவதை வீட்டிலேயே கொடுத்தேன். காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் தாகமாக விட்டு, பிறகு மருந்து கலந்த தண்ணீரை வைத்தேன். எல்லாம் முறைப்படி. தண்ணீர் மட்டும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர். அன்றைக்குப் பார்த்து டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள், மூக்கில் வாசம் அடித்தது. அந்த மருந்து என்பதே வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. பிளீச்சிங் பவுடர் அதைக் கொன்றிருக்கும். நான் கொடுத்தது வெறும் தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் எடு, லிட்டருக்கு ஐந்து கிராம் பால் பவுடர் கலந்துகொள் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். கேட்டுக்கொண்டு தலையை ஆட்டியது நான்தான். எட்டாம் வார ஊசியும் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து என்று தள்ளிப்போனது.

பத்தாம் வாரம், ஏப்ரலில் வந்தது. இரண்டு கோழி கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு நின்றன. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். இரண்டு நாளில் இரண்டும் போய்விட்டன. மற்றவை எப்படியோ தப்பின, ஒன்றைத் தவிர.

மைனா

அது பழுப்பு நிறப் பெட்டை. மகள் மைனா என்று கூப்பிடுவாள். கழிச்சல் நின்றது, ஆனால் கழுத்து திருகிக்கொண்டது. தலை ஒரு பக்கமாக முறுக்கி, அலகு ஆகாயத்தைப் பார்த்திருக்கும். கம்பு மணியைக் கண்டால் ஆசையாகக் குனியும். குனியக் குனியத் தலை திருகி, மணிக்கு ஒரு அங்குலம் தள்ளித் தரையைக் கொத்தும். மறுபடி குறி பார்க்கும். மறுபடி தரை. ஒரு மணியைப் பிடிக்க ஏழெட்டுத் தடவை. பிறகு சுற்றிச் சுற்றி விழும்.

சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள் அரைத்து உருண்டை பிடித்து வாயில் ஊட்டினோம். மூன்றாம் நாள் டாக்டர் பார்த்துவிட்டு, "நரம்புல ஏறிருச்சுங்க. சிலது தேறும். இது தானா தின்னலைன்னா கஷ்டம். நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றார்.

நான் முடிவு பண்ணவில்லை. இன்னும் மூன்று நாள் தள்ளினேன். அன்பினால் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் அது தரையைக் கொத்திக்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் காலை டாக்டர் காட்டியபடி இடது கையில் கால், வலது கை இரு விரலுக்கு நடுவே தலை; கீழே இழுத்துப் பின்னால் மடக்க, 'டக்' என்று கழுத்தெலும்பு விலகியது. மூன்று விநாடிகூட ஆகவில்லை. தோப்பு ஓரத்தில் மூன்றடிக் குழி, சுண்ணாம்பு தூவி மூடினேன்.

தின்பதற்காக முதல் உயிரைக் கொல்லும் நாளைப் பற்றித்தான் ஆரம்பத்திலிருந்தே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னாலேயே இது வந்துவிட்டது. இன்றைக்கும் மனசைக் குடைவது அந்த மூன்று விநாடி இல்லை, அதற்கு முந்தைய மூன்று நாள்.

மாமா சிரித்தார்

மே மாதம் மாமா வீட்டுக்கு வந்தார். நோட்டைப் புரட்டினார். 25-ல் 3 மூச்சு முட்டி, 4 கீரி, 2 கழிச்சல், 1 மைனா. மீதி 15.

"மாப்ள, ஐயாயிரத்துல இருநூறு இருநூத்தம்பதுக்கு மேல போனா கம்பெனி சூப்பர்வைசர் என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேப்பான். நீ இருபத்தஞ்சுல பத்தத் தொலைச்சுப்புட்டு எனக்குத் தர்மம் சொல்றியா?"

பதில் இல்லை. நூற்றுக்கு நாலைந்து அவருக்கு. எனக்கு நூற்றுக்கு நாற்பது. அவர் கொட்டகையில் பல்ப் அணைந்தால் ஜெனரேட்டர் ஓடும். கீரி வர வழியில்லை. தடுப்பூசி நாள் தப்பாது. கோழி சாகாமல் இருப்பதுதான் நல்ல வளர்ப்பு என்றால் அவர் என்னைவிடப் பத்து மடங்கு நல்ல வளர்ப்பாளி.

பேச்சோடு பேச்சாக, பிராய்லருக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்களாமே என்று என் மனைவி கேட்டாள். மாமா எழுந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "ஐயாயிரம் கோழிக்கு ஊசி போட எனக்கு ரெண்டு கைதானம்மா இருக்குது!" அவர் சொன்னது சரி. ஹார்மோன் கதை வெறும் கதை. ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனத்தாலும் தீவனத்தாலும். கவலைப்பட வேண்டியது ஆன்டிபயாட்டிக். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019-ல் தடை போட்டது அதனால்தான்.

மாமா கிளம்பிய பிறகுதான் எனக்குப் பதில் மாதிரி ஒன்று வந்தது. எப்போதும் அப்படித்தான். குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்தும் அவர்களே. பிடிக்கிற தேதியும் அவர்கள் சொல்வதுதான். மாமாவுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. அவர் கையில் இருப்பது கொட்டகை, கரண்ட், தண்ணீர், உழைப்பு. அவற்றை அவர் குறையில்லாமல் செய்கிறார். ஆனால் அந்தக் கோழி காலைப் பரப்பி உட்கார்வது அவர் குறையால் இல்லை. இனத்திலேயே அப்படி வைத்திருக்கிறார்கள், எலும்பு தாங்குவதற்குள் சதை ஏறிவிடும்படி. என் பக்கத் தப்புகளை 90 ரூபாய் பல்பும் 1,900 ரூபாய் வலையும் ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரும் சரிசெய்துவிடும். அந்தக் காலைச் சரிசெய்ய மாமாவால் வாங்கக்கூடிய பொருள் எதுவும் கடையில் கிடையாது.

முட்டை மட்டும் தின்கிறேன், பாவமில்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒன்று. சந்தையில் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றிய குஞ்சுகளைக் கூடையில் வைத்து விற்பார்களே, அவை பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்துச் சேவல் குஞ்சுகள். முட்டையும் இடாது, கறியும் ஏறாது. குஞ்சு பொரிப்பகத்துக்கு முதல் நாளே வேண்டாத சரக்கு. சாயம் ஏற்றாமல் போனவற்றின் கதி அதைவிட மோசம்.

ஆடி

ஏழு சேவல், எட்டுப் பெட்டை. இனப்பெருக்கத்துக்கு ஒரு சேவல் நிறுத்திக்கொண்டு ஆறை அறுப்பது என்று முடிவு. நிறம் பார்த்து எங்கள் பக்கம் சொல்லும் பெயர்களே அவற்றுக்கும்: காகம், கீரி, செவலை. காகத்தை நிறுத்திக்கொண்டேன். முதலில் செவலை, 1.8 கிலோ.

முந்தின ராத்திரி தீனி வைக்கவில்லை, தண்ணீர் மட்டும். தீனிப்பை நிறைந்திருந்தால் சுத்தம் செய்யும்போது நாறிவிடும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனின் வாயை அகலமாக வெட்டி, தலைகீழாகத் தென்னையில் ஆணியடித்தேன். கோழியைத் தலைகீழாக உள்ளே விட்டால் தலை மட்டும் வெளியே வரும், இறக்கை அடிக்க இடமிருக்காது. தலைகீழாகக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். இதெல்லாம் சரியாக வந்தது. கத்தி சரியில்லை. சமையலறையில் இருப்பதிலேயே நல்ல கத்தி என்று எடுத்துப் போனேன். கழுத்து இறகை ஒதுக்காமல் இழுத்தேன். இறகில் வழுக்கித் தோலோடு நின்றுவிட்டது. செவலை உதறியது. இரண்டாவது இழுப்பில்தான் ரத்தக்குழாய் அறுந்தது. நடுவே இரண்டு விநாடி இருக்கும். நோட்டில் அந்த நாளுக்கு எதிரே "2 விநாடி" என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

சுடுதண்ணீரில் முக்கி, இறகு பிடுங்கி, மஞ்சள் பூசி, தென்னோலைத் தீயில் வாட்டி அம்மா சுத்தம் செய்தார். ஈரலை எடுக்கும்போது பித்தப்பையை நான் உடைத்துவிட்டேன். ஈரல் கசந்து போய் நாய்க்குப் போயிற்று. அன்றைக்கு என் கை அப்படி.

வேலை செய்துகொண்டே அம்மா கேட்டார். "கோயில்ல கிடாய்க்கு மஞ்சத் தண்ணி தெளிச்சு, அது ஒடம்ப உதறினாத்தான் வெட்டுவாங்க. உதறாட்டி நிப்பாங்க, எவ்வளவு நேரமானாலும் நிப்பாங்க. நீ நின்னியா?" குளிர்ந்த தண்ணீர் பட்டால் எந்த ஆடும் உதறும், அது சம்மதம் ஆகாது என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அரிவாள் பிடித்தவன் அங்கே நின்றாக வேண்டியிருக்கிறது. 1950-ம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-ல் தூசி தட்டி எடுத்து, 2004-ல் அந்தச் சட்டத்தையே நீக்கினார்கள். அப்போது ஊரெல்லாம் அதே பேச்சு. எல்லாம் கோயிலில் வெட்டுவதைப் பற்றித்தான். கோயிலுக்கு எதிர்க் கடையில் தொங்குவதைப் பற்றி ஒருவரும் பேசியதாக நினைவில்லை.

மறுவாரம் என் கத்தியைக் கறிக்கடை பாயிடம் காட்டினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது தக்காளிக்குத்தான் ஆகும் தம்பி" என்றார். அவருடைய கத்தி ஒன்றைக் கல்லில் தீட்டிக் கொடுத்தார். அப்புறம் யோசித்து, "வேணாம், புதன்கிழமை கோழியை இங்க கொண்டாங்க, கூட்டம் இருக்காது" என்றார். கொண்டுபோனேன். இறக்கை இரண்டையும் பின்னிப் பிடித்து, கழுத்து இறகை விரலால் மேல்நோக்கி ஒதுக்கி, இறைவன் பெயரைச் சொல்லி ஒரே இழுப்பு. தினம் நூறு கோழி அறுக்கும் கை. என் பெட்டை மூன்று நாள் பட்டதும் செவலை இரண்டு விநாடி பட்டதும் அந்தக் கையில் நடந்திருக்காது. வளர்த்தவனே அறுத்தால்தான் நேர்மை என்ற என் பெரிய கொள்கை அந்தப் புதன்கிழமையோடு போனது. கோழிக்கு என் நேர்மை எதற்கு? அதற்குத் தேவை தீட்டிய கத்தி. மீதி ஐந்தையும் ஆவணிக்குள் அவரே அறுத்தார். நான் பிடித்துக்கொண்டேன். புரட்டாசி வந்ததும் வீட்டில் கறி நின்றது.

சோற்றுத் தட்டு

நாட்டுச்சேவல் குக்கரில் வைத்தாலும் சுலபத்தில் வேகாது. அம்மா சட்டியில் ஒன்றே கால் மணி நேரம் வேகவிட்டார். மல்லி, மிளகு, சின்ன வெங்காயம், வரமிளகாய் வதக்கி அம்மியில் அரைத்து, கடைசியில் கொஞ்சம் தேங்காய். ருசியைப் பற்றி நான் சொன்னால் நம்ப வேண்டாம், வளர்த்தவன் வாய்க்கு எல்லாம் ருசிதான்.

மகள், "இது செவலையாப்பா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு துண்டை ஓரமாக வைத்துவிட்டாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி வந்ததால் கடையில் பிராய்லர் வாங்கினோம். இரண்டாம் முறை கேட்டு வாங்கித் தின்றாள். கேள்வி எதுவும் வரவில்லை.

கணக்கு

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். குஞ்சு 1,500. ஒரு மூட்டை குஞ்சுத் தீவனம் 2,000. கம்பு, மக்காச்சோளம், குருணை 2,800. மருந்தும் சில்லறையும் 350. கொட்டகையையும் பழுதுச் செலவையும் விட்டுவிட்டால் 6,650. ஆறு சேவலில் சுத்தம் செய்த கறி ஆறரை கிலோ. கிலோ ஆயிரத்துக்கு மேல். எட்டுப் பெட்டையும் ஒரு சேவலும் உயிரோடு நிற்கின்றன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மிச்சம் பிடிக்க யாரும் இதில் இறங்க வேண்டாம்.

தானியக் கணக்கும் எனக்குச் சாதகமாக இல்லை. பிராய்லர் ஒரு கிலோ எடை போட ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தீவனம் தின்றால் போதும். என் சேவல்கள் தோப்பில் பொறுக்கித் தின்றது போகவே அதைப் போல இரண்டு பங்குக்கு மேல் தின்றன. அந்த மக்காச்சோளம் எந்தக் காட்டில் விளைந்தது, படைப்புழுவுக்கு என்ன அடித்தார்கள், எனக்குத் தெரியாது. கறி வாங்குவதைக் குறைத்தேன், மூட்டை வாங்க ஆரம்பித்தேன். அடுத்த தடவைக்குத் தோப்பு ஓரம் பத்து சென்ட்டில் கம்பு விதைத்திருக்கிறேன்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. தின்னக் கொன்றது 6. என் கவனக்குறைவில் செத்தது 10. இரண்டாம் எண்ணைக் குறைக்காமல் முதல் எண்ணைப் பற்றிப் பெருமை பேச எனக்கு வாய் வராது.

அடை

ஆவணியில் பெட்டைகள் முட்டைக்கு வந்தன. அதில் ஒரு வெள்ளைவால் பெட்டை பதினான்கு முட்டை இட்டு, கூடையை விட்டு இறங்காமல் கொக்கரிக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கம் அவயத்துக்கு வந்துவிட்டது என்போம். பழைய மூங்கில் கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, நல்ல முட்டையாகப் பன்னிரண்டை அடை வைத்தோம். இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அம்மா ஒரு கரித்துண்டும் இரும்பு ஆணியும் வரமிளகாயும் உள்ளே சொருகினார். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைக்கால் விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காமல் பட்டது போதும்.

இருபத்தோராம் நாள் பத்துப் பொரிந்தன. ஒன்றை ஐந்தாம் நாளே காக்கை தூக்கிவிட்டது. அதன் பிறகு மேலே பழைய மீன் வலையை மூன்று வாரம் கட்டிவைத்தேன். மற்ற ஒன்பதும் இருக்கின்றன. பல்ப் கிடையாது, தெர்மாமீட்டர் கிடையாது. ஐப்பசி மழையில் ராத்திரி போய் டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளைவால் இறக்கையைப் பரப்பி உட்கார்ந்திருக்கும், ஒரு குஞ்சு கண்ணில் படாது. கையை விட்டு எண்ணப் போய் இரண்டு தடவை நன்றாகக் கொத்து வாங்கினேன்.

ஏழாம் நாள் லசோட்டாவுக்கு இந்த முறை தெருவில் கோழி வைத்திருக்கும் மூன்று வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு குப்பி மருந்து நூறு குஞ்சுக்கு வரும், திறந்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும். ஒன்பது குஞ்சுக்காகத் திறக்கச் சொல்லி நிற்பது எனக்கே சங்கடமாக இருந்தது. நாலு வீடு சேர்ந்தால் நாற்பதாவது தேறுகிறது. கம்போரோவும் அப்படியே போட்டாயிற்று.

நாளை மறுநாள் இருபத்தெட்டு. கிணற்றில் ஒரு குடம் இறைத்து மூடி வைத்துவிட்டேன். பால் பவுடர் வாங்கியாகிவிட்டது. அன்றைக்கு மாமா மகன் நிச்சயதார்த்தம். வர மதியம் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.